விடுமுறை முடிந்ததும் பூனை சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

விடுமுறை முடிந்து வீடு பழைய ஓட்டத்துக்குத் திரும்பும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில்தான் பூனைகளிடம் புதுப்புதுத் தொந்தரவு கிளம்பும். கட்டிலில் சிறுநீர் கழிக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும், விடியுமுன் கத்தும், ஒன்றாக வளர்ந்த பூனையையே பார்த்துச் சீறும். "கோபித்துக்கொண்டிருக்கிறது", "விட்டுவிட்டுப் போனதற்குப் பழிவாங்குகிறது" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த விளக்கத்தை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதை நம்பிவிட்டால் காரணம் தேடுவதை அங்கேயே நிறுத்திவிடுவோம். தேடினால் அநேகமாக இரண்டில் ஒன்று கிடைக்கும்: உடம்பில் ஒரு கோளாறு, இல்லையென்றால் வீட்டில் ஒரு மாற்றம். பல சமயம் வீட்டு மாற்றமே உடம்புக் கோளாறைக் கிளப்பிவிட்டிருக்கும்.

இது வெறும் அனுமானம் இல்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 32 பூனைகளை 77 வாரம் கவனித்து, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 20 பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி இருந்தது, 12 நல்ல ஆரோக்கியமானவை. சாப்பாட்டு நேரம் மாறுவது, வழக்கமாகக் கவனிக்கும் ஆள் மாறுவது போன்றவை நடந்த வாரங்களில் வாந்தியும், சாப்பிடாமல் இருப்பதும், லிட்டர் பாக்ஸுக்கு (பூனை சிறுநீரும் மலமும் கழிக்கும் பெட்டி) வெளியே போவதும் கூடின. நோயுள்ளவற்றில் மட்டுமல்ல, ஆரோக்கியமான பூனைகளிடமும் அப்படித்தான். விடுமுறையில் நம் வீட்டில் நடப்பதும் இதேதான்: நேரம் மாறுகிறது, ஆள் மாறுகிறது, வாசனை மாறுகிறது.

அதனால் எந்த அறிகுறிக்குப் போகுமுன்பும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு முன் எப்படி இருந்தது, இப்போது என்ன வேறு? சாப்பாடு போட்டது யார், எத்தனை மணிக்கு, லிட்டர் பாக்ஸ் நகர்ந்ததா, அதில் நிரப்பும் மணல்போன்ற லிட்டர் வேறு வகையா, எந்த அறைக் கதவு மூடியிருந்தது, தரை துடைக்கும் திரவம் மாறியதா, புதுச் செடியோ பூங்கொத்தோ வந்ததா, வேறு பூனை, நாய் இருக்கும் வீட்டிலிருந்து யாராவது வந்து போனார்களா. கீழே வரும் பாதிச் சிக்கல்களுக்கு விடை அந்தத் தாளிலேயே இருக்கும்.

முதலில், காத்திருக்கக் கூடாதவை

கடுவன் பூனை லிட்டர் பாக்ஸுக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, ஆனால் சிறுநீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அது இரவானாலும் சரி. கடுவனின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல், எளிதில் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நிற்கும் நிலை ஒன்றிரண்டு நாளுக்குள் வந்துவிடும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பவர்கள் நிறைய. இரண்டுக்கும் உட்காரும் விதம் ஒன்றுபோலவே தெரியும், பார்த்துப் பிரித்தறிய முடியாது. அதனால் ஐயம் வந்தாலே போய்விடுவது நல்லது.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, பின்னங்கால்கள் திடீரென்று இழுபடுவது, ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருப்பது, வலிப்பு, வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவது, லில்லிப் பூவையோ பாரசிட்டமால் மாத்திரையையோ வாயில் வைத்தது தெரிவது: இவை எல்லாமே அதே அவசரம்தான். பாரசிட்டமால் நமக்குச் சாதாரண மாத்திரை, ஆனால் பூனையின் ஈரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஒரே மாத்திரை உயிரை எடுக்கும். ஊர் போய் வந்த பையிலிருந்து மாத்திரை அட்டை எதுவும் வெளியே விழுந்து கிடக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீர்

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். துடைப்பதற்கு முன் எங்கே, எவ்வளவு, எப்படி என்று பாருங்கள்.

தரையில் அங்கங்கே சிறு சிறு சொட்டுகளாக இருந்தால், கூடவே இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தால், சிறுநீர்ப்பையில் எரிச்சல் என்று கொள்ளுங்கள். மன அழுத்தத்தால் வரும் சிறுநீர்ப்பை அழற்சி இளம் வயது, நடு வயதுப் பூனைகளில் மிகவும் சாதாரணம். கிருமி எதுவும் இருக்காது, ஆனால் வலி இருக்கும். அந்த வலியைப் பூனை பெட்டியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொண்டு, பெட்டியை விட்டு வேறு இடம் தேடும். குளிர்ந்த வழுவழுப்பான தரையை, குளியலறைத் தொட்டியைத் தேர்ந்தெடுப்பதும் உண்டு. டாக்டரிடம் காட்டி வலிக்கு மருந்து வாங்குங்கள். வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது தண்ணீரைக் கூட்டுவது: ஈர உணவு, அதில் இன்னும் கொஞ்சம் வெந்நீர், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் அகலமான தண்ணீர்க் கிண்ணம்.

சுவரிலோ கதவிலோ மேலிருந்து கீழாக வழிந்திருந்தால், பூனை நின்றபடி வாலைத் தூக்கி நடுங்கவைத்து அடித்திருக்கிறது. இது அடையாளம் இடுவது. வந்து போன விருந்தினரின் பையிலோ காலணியிலோ வேறு பூனை வாசனை இருந்திருக்கலாம். அந்த வாசனை இருக்கும் பொருளைத் துவைத்து வைப்பதுதான் முதல் வேலை. ஜன்னலுக்கு வெளியே தெருப்பூனை வந்து உட்கார்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரே இடத்தில் பெரிய குட்டையாக இருந்தால் சிக்கல் பெரும்பாலும் பெட்டியில்தான். விடுமுறையில் பெட்டிக்கு என்ன நேர்ந்தது என்று யோசியுங்கள். விருந்தினர் தங்கிய அறையில் பெட்டி இருந்து, அந்தக் கதவு இரவெல்லாம் மூடிக் கிடந்திருக்கும். நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொண்டவர் இரண்டு நாளுக்கு ஒரு முறைதான் அள்ளியிருப்பார். வழக்கமான லிட்டர் கிடைக்காமல் வாசனை போட்ட வேறு வகை வாங்கியிருப்பார்கள். இவற்றில் எது நடந்திருந்தாலும் அதைத் திரும்பப் பழையபடி ஆக்குங்கள். பொது விதி ஒன்று உண்டு: பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு பெட்டி அதிகம், அவை வெவ்வேறு இடங்களில். பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டி பூனைக்கு ஒரே பெட்டிதான். மூக்கு முதல் வால் தொடங்கும் இடம் வரை உள்ள நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு பெட்டியின் நீளம் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் பெட்டிகளில் பல இந்த அளவுக்கு வராது. துணி போட்டு வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பக்கத்தைத் தாழ்வாக வெட்டிக்கொண்டால் அருமையாக உதவும்.

சுத்தம் செய்யும்போது பிளீச்சும் அமோனியா கலந்த திரவமும் வேண்டாம். அமோனியா வாடை சிறுநீர் வாடையோடு சேர்ந்து, "இங்கேதான்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். நொதி (என்சைம்) கலந்த கிளீனர் வாங்கி, கறை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறதோ அவ்வளவு ஆழம் நனையும்படி ஊற்றி, தானாகக் காய விடுங்கள். மேலாகத் தெளித்து உடனே துடைத்தால் நொதிக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது.

கட்டில் தனிக் கதை. நீங்கள் வேலைக்குத் திரும்பிய பிறகு, நீங்கள் இல்லாத நேரத்தில், உங்கள் பக்கத்துத் தலையணையருகே நனைத்து வைக்கிறது என்றால் உங்கள் வாசனை அடர்ந்த இடத்தைத் தேடிப் போயிருக்கிறது. தனிமையில் தடுமாறும் பூனைகளிடம் இந்தப் பழக்கம் உண்டு. திட்டினாலோ மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்த்தாலோ நிலைமை மோசமாகத்தான் ஆகும். சில நாள் படுக்கையறைக் கதவை மூடிவிட்டு, நீங்கள் உடுத்திய பழைய சட்டையை அது தூங்கும் இடத்தில் போடுங்கள். வெளியே கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் விளையாடிவிட்டுச் சாப்பாடு கொடுத்துப் போங்கள்.

சாப்பாட்டைத் தொட மறுக்கிறது

வளர்ந்த பூனை ஒரு முழு நாள் எதுவும் சாப்பிடாவிட்டால் டாக்டருக்குச் சொல்லுங்கள். குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். "பசித்தால் தானாகத் தின்னும்" என்ற பேச்சு பூனைக்குப் பொருந்தாது. சாப்பாடு நின்றதும் அதன் உடல் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். ஈரலால் அந்த வேகத்தில் அதைச் செலவழிக்க முடியாது, கொழுப்பு ஈரலிலேயே தேங்கிவிடும். சில நாள் பட்டினி போதும், குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். விடுமுறையில் தின்று கொழுத்த பூனையை அதற்குப் பிறகு பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர நினைப்பது உயிருக்கே உலை வைக்கும்.

கிண்ணத்தின் அருகே போய் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஆவலாகப் போய், ஒரு வாய் எடுத்து, தலையைச் சாய்த்துக் கீழே போட்டால் வாயில் வலி, பல்லைக் காட்ட வேண்டும். முகர்ந்து பார்த்துவிட்டு உதட்டை நக்கிக்கொண்டு விலகினால் குமட்டல். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தால் வாசனையே தெரியாது, வாசனை தெரியாத சாப்பாடு பூனைக்குச் சாப்பாடே இல்லை. ஈர உணவை உடம்புச் சூட்டுக்குச் சற்று வெதுவெதுப்பாக்கி, மீசை உரசாத தட்டையான தட்டில் வைத்தால் பல பூனைகள் வந்துவிடும்.

வயிறு நன்றாக இருந்தும் வழக்கமான உணவை மட்டும் ஒதுக்குகிறது, தின்பண்டம் காட்டினால் ஓடி வருகிறது என்றால் விருந்தினர் ஆளுக்கொரு துண்டு கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். அந்தத் தின்பண்டத்தைச் சட்டென்று நிறுத்தாமல், வழக்கமான உணவின் மேல் பொடித்துத் தூவி, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் திரும்பக் கொண்டுவரலாம். உணவு வகையையே மாற்றினாலும் அதே கால அளவுதான். வெங்காயம், பூண்டு கலந்த குழம்பையோ சூப்பையோ மட்டும் ஆசைக்குக்கூடக் கலக்காதீர்கள், அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

வாந்தி நிற்கவில்லை

வாரத்தில் ஒரு நாள் முடி உருண்டையைக் கக்கிவிட்டு உடனே சாப்பாடு கேட்டு வரும் பூனையைப் பற்றி நான் பேசவில்லை. ஒரே நாளில் பல முறை வாந்தி, தண்ணீரும் நிற்கவில்லை, சோர்ந்து படுத்துக்கொள்கிறது என்றால் முதலில் நூலை நினையுங்கள்.

பரிசுப் பொட்டலத்தின் ரிப்பன், பளபளக்கும் அலங்கார இழை, பலூன் நூல் எல்லாம் விடுமுறை முடிந்தும் சோபா அடியில் கிடக்கும். பூனை நாக்கை அருகில் பார்த்தால் புரியும்: அதன் மேல் கொக்கி கொக்கியாக முட்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. அதில் மாட்டிய இழையைப் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சுற்றி நின்றுகொள்ளும், மறு முனை குடலுக்குள் போகும். குடல் அசைந்து அசைந்து, சுருக்குப்பை வாய்போல அந்த நூலின் மேல் மடிந்து ஏறும். கடைசியில் நூல் குடற்சுவரை அறுத்துவிடும். அதனால்தான் வெளியே தொங்கும் நூலை இழுக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அப்படியே விட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நூலுக்கு அடுத்தது பூங்கொத்து. அசல் லில்லி, டே லில்லி இரண்டிலும் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்துக்கு விஷம். முடியில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு இரண்டாம் நாள் தேறியதுபோலத் தெரியும், அதற்குள் சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருக்கும். எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. பூனை இருக்கும் வீட்டில் லில்லி வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உயரத்தில் வைத்தேன் என்பது பூனையிடம் எடுபடாது.

விடியுமுன் எழுப்புகிறது

விடுமுறையில் ராத்திரி நெடுநேரம் விளக்கு எரிந்தது, கண்ட நேரத்தில் சாப்பாடு கிடைத்தது. இப்போது வீடு பத்து மணிக்கு அடங்குகிறது. பூனைக்கோ இயல்பிலேயே சுறுசுறுப்பு கூடுவது விடியலிலும் அந்தியிலும்தான். அது நான்கு மணிக்குக் கத்துகிறது, நீங்கள் தூக்கக் கலக்கத்தில் எழுந்து கொஞ்சம் உணவைக் கொட்டிவிட்டுப் படுக்கிறீர்கள். அவ்வளவுதான், கத்தினால் சாப்பாடு என்று பாடம் படித்துவிட்டது.

இரவில் கடைசி வேலையாகக் குச்சியில் கட்டிய இறகை வைத்து விளையாடுங்கள். ஓட்டிக் களைக்க வைப்பதோடு நிறுத்தாமல், கடைசியில் பிடிக்கவும் விடுங்கள். பிடித்ததும் சாப்பாடு. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்ற வரிசை பூனைக்கு இயல்பானது. வயிறு காலியாக இருக்கும்போது பூனை இன்னும் ஆர்வமாக விளையாடும், அதனால் விளையாட்டு முன்னால், சாப்பாடு பின்னால். விடியற்காலைச் சாப்பாட்டை நேரம் வைத்துத் திறக்கும் ஆட்டோ ஃபீடரிடம் விட்டுவிட்டால், பூனை உங்களைப் பிராண்டுவதை விட்டு அந்தப் பெட்டி முன்னால் போய் உட்காரும்.

கத்தலுக்கு மறுமொழியே கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தால் வீட்டில் எல்லோரும் அதில் நிற்க வேண்டும். முதல் சில நாள் சத்தம் கூடும். ஐந்தாம் நாள் ஒருவர் பொறுமை இழந்து எழுந்துபோனால், இன்னும் பலமாகக் கத்த வேண்டும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும்.

பத்து வயது தாண்டிய பூனை திடீரென்று இரவில் ஓலமிடத் தொடங்கினால் இந்த வழி வேண்டாம். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, உயர் இரத்த அழுத்தம், காது மந்தமாவது எல்லாம் அந்த வயதில் வரும். நன்றாகத் தின்றும் மெலிந்துகொண்டே போனால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றாக வளர்ந்த இரண்டும் சண்டை போடுகின்றன

ஊருக்குப் போகும்போது பூனையை விட்டுச் செல்லும் விடுதியிலோ மருத்துவமனையிலோ இருந்து ஒன்று திரும்பி வருகிறது. வீட்டிலிருந்தது கேரியர் (பூனையைத் தூக்கிச் செல்லும் கூடை) அருகே வந்து முகர்கிறது, காதைப் பின்னால் மடக்குகிறது, அப்புறம் ஒரு சீறல். வந்தது எதுவும் புரியாமல் உள்ளுக்குள் ஒடுங்குகிறது. நேற்றுவரை ஒரே மெத்தையில் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு கிடந்தவை இவை என்று நமக்குத் தாங்காது. பூனைகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் கூட்டு வாசனைக்குப் பெரிய பங்கு உண்டு. வந்ததன்மேல் கிருமிநாசினி, அயலார் கை, அயல் பூனைகளின் வாடை எல்லாம் ஏறியிருக்கிறது. முகம் தெரிந்ததுதான், ஆனால் வாசனை அந்நியம்.

"அவையே தீர்த்துக்கொள்ளட்டும்" என்று விடாதீர்கள். ஒரு கெட்ட சண்டை நடந்துவிட்டால் அதை மறக்கவைக்க வாரக்கணக்கில் ஆகும். வந்ததைத் தனி அறையில் தண்ணீர், சாப்பாடு, பெட்டியோடு விடுங்கள். தன்னை நக்கிச் சுத்தம் செய்து வீட்டு வாசனையைத் திரும்பப் பெற அதற்கு ஒரு நாளாவது வேண்டும். ஒரு மெல்லிய துணியால் ஒன்றின் கன்னத்தைத் தேய்த்து, அதை மற்றதன் அறையில் போடுங்கள், அதேபோல் இந்தப் பக்கமும். கன்னத்தில் சுரக்கும் வாசனைதான் அவை பழகிய பொருள்மேல் முட்டித் தேய்த்து விட்டுச் செல்வது. துணியை முகர்ந்துவிட்டு அலட்சியமாகத் திரும்பினால் நல்ல சகுனம், சீறினால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். பிறகு மூடிய கதவின் இரு பக்கமும் சாப்பாடு, அப்புறம் கதவைச் சற்றே திறந்து ஒருவரையொருவர் பார்க்கும்படி சாப்பாடு. இரண்டும் தின்றுகொண்டே இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒன்று தின்பதை நிறுத்தி முறைத்துப் பார்த்தால் முந்தைய கட்டத்துக்கே திரும்புங்கள்.

முறைப்பும் ஒரு தாக்குதல்தான், சத்தமில்லாத தாக்குதல். வழியில் படுத்துக்கொண்டு மற்றதைப் பெட்டிக்கோ கிண்ணத்துக்கோ போகவிடாமல் பார்வையாலேயே தடுக்கும் பூனைகள் உண்டு. சண்டையே போடவில்லையே என்று நாம் இருப்போம், மற்றது மறைவில் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வழியும் இரண்டாவது பெட்டியும் இதற்குத்தான்.

அடிபிடி மும்முரமாக இருக்கும்போது நடுவில் கையை விடவே கூடாது. ஒரு பெரிய அட்டையையோ தலையணையையோ இடையில் நுழைத்துப் பிரித்து, தனித்தனி அறையில் விட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். வெறி அடங்க மணிக்கணக்கில் ஆகும். பூனைப் பல் ஆழமாக இறங்கும், மேலே காயம் மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும். உங்களைக் கடித்திருந்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கட்டிலடியை விட்டு வரவில்லை, என்னையே தெரியாததுபோல் இருக்கிறது

ஊரிலிருந்து வந்ததும் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று நமக்கு இருக்கும். அதற்கோ நம்மேல் வேறு வீட்டு வாசனை. பயணப் பெட்டியைத் திறந்து தரையில் வைத்துவிடுங்கள், அதுவே வந்து துணிமணியை ஒவ்வொன்றாக முகர்ந்து கணக்கெடுக்கட்டும். கட்டிலடியிலிருந்து இழுத்து வெளியே எடுக்காதீர்கள். பக்கத்தில் தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, அது பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். பிரிட்டனில் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டியது இதைத்தான்: மெதுவாகக் கண் சிமிட்டும் மனிதருக்குப் பூனை பதிலுக்குச் சிமிட்டும், நீட்டிய கையை நோக்கி வரவும் செய்யும். குரலும் உதவும், வளர்ப்பவரின் குரல் பூனைக்கு நன்றாகத் தெரியும். எப்போதும் கூப்பிடும் தொனியிலேயே கூப்பிடுங்கள்.

ஒரு முழு நாளாகியும் இரவில்கூட வெளியே வந்து சாப்பிடவில்லை, லிட்டர் பாக்ஸுக்குப் போகவில்லை என்றால் இது பயம் மட்டும் இல்லை. வலியுள்ள பூனை ஒளிந்துகொள்ளும்.

சொறிந்துகொண்டே இருக்கிறது

பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்த ஒன்றிரண்டு நாளில் பூனை துடித்துத் துடித்துச் சொறிந்தால், உங்கள் கணுக்காலிலும் கடி தெரிந்தால், தெள்ளுப்பூச்சி. ஆளில்லாத வீட்டில் எங்கிருந்து வந்தது என்று திகைக்க வேண்டாம். அவை விரிப்பின் இழைகளுக்குள் கூட்டுக்குள் காத்துக்கொண்டிருந்தவை. மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். நடமாட்ட அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக் காற்றும் பட்டதும் இரை வந்துவிட்டது என்று கூட்டமாக வெளிவரும்.

பூனைக்கு டாக்டர் சொல்லும் மருந்தைப் போட்டு, விரிப்பு, சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் வாக்யூம் செய்து, பையை உடனே வெளியே போடுங்கள். படுக்கைத் துணியைச் சுடுநீரில் துவையுங்கள். மருந்து போட்ட பிறகும் சில வாரம் புதிது புதிதாக வரும், கூட்டிலிருந்து மிச்சம் வருவது அது. மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பு வரவைத்துக் கொல்லும்.

பூச்சியே இல்லாமல், அடிவயிற்றையும் தொடையையும் மட்டும் நக்கி நக்கி வழுக்கையாக்குகிறது என்றால் அது வேறு. சிறுநீர்ப்பை வலியாலும் அப்படிச் செய்யும், தோல் ஒவ்வாமையாலும் செய்யும்.

தும்மல், கண்ணில் நீர்

விடுதியில் விட்டு வந்த ஒரு வாரத்துக்குள் இது வந்தால் வேறு பூனையிடமிருந்து தொற்றியிருக்கலாம். அதுவுமில்லாமல், குட்டியாக இருந்தபோதே வந்து நரம்பில் உறங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸ் மன அழுத்தத்தால் விழித்துக்கொள்வதும் உண்டு. இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. மூக்கைச் சுற்றி ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், குளியலறை ஆவியில் சிறிது நேரம் உட்காரவையுங்கள், சாப்பாட்டை வெதுவெதுப்பாக்குங்கள். கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டாலோ, சளி பச்சையாக மாறினாலோ, சாப்பாடு நின்றாலோ டாக்டர். வாசனை எண்ணெய், தைலம் எதையும் தடவவோ புகைக்கவோ வேண்டாம்.

சோபாவைப் பிறாண்டுகிறது

பாதத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, வீடு கலைந்து அடுக்கப்பட்ட பிறகு அடையாளத்தைப் புதுப்பிக்கிறது. பிறாண்டும் கம்பத்தை மூலையில் வைக்காமல் அந்தச் சோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். உடம்பை முழுக்க நீட்டும் அளவு உயரமும், சாயாத அடிக்கட்டையும் வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

மேலே சொன்ன எதற்காகப் போனாலும் மூன்று பொருள் கையில் இருந்தால் பாதி நேரம் மிச்சமாகும். ஒன்று, அந்த நடத்தையின் வீடியோ; பூனை மருத்துவமனை மேசையில் வேறு மாதிரி இருக்கும், முக்குவதையோ மூச்சு விடுவதையோ அங்கே செய்துகாட்டாது. தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், 30க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் கழித்தது, எப்போது மலம் கழித்தது என்ற குறிப்பு. மூன்று, முதலில் எழுதச் சொன்ன அந்த மாற்றப் பட்டியல்.

கேரியரை அன்று காலையில்தான் பரணிலிருந்து இறக்குவது என்று வைக்காதீர்கள். அதைப் பார்த்ததும் கட்டிலடிக்கு ஓடும். மூடியைக் கழற்றி உள்ளே பழைய துணி விரித்து எப்போதும் அறையிலேயே கிடக்க விட்டால், அதிலேயே ஏறித் தூங்கப் பழகிவிடும்.